திட்டத்தின் பெயரைத் தேடாதீர்கள்

திங்கட்கிழமை காலையில் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். குஜிலியம்பாறை, நத்தம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் பெஞ்சை நிறைத்திருப்பார்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் பாலிதீன் உறை, அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், ஓரம் மடங்கிய ஜெராக்ஸ் தாள்கள். மனு எழுதித் தருபவர் எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்: “எந்தத் திட்டத்துக்கும்மா?”

பாதிப் பேர் இங்கேயே விழிப்பார்கள். “ஏதோ ஆயிரம் ரூவா தர்றாகளாமே, அதுக்குத்தான்” என்பார் ஒருவர். “பக்கத்து வீட்டுல வாங்குறாக, எங்களுக்கு வரல” என்பார் இன்னொருவர். எந்த ஆயிரம்? மகளிர் உரிமைத் தொகையும் மாதம் ஆயிரம் என்றுதான் தொடங்கியது. கல்லூரிப் பெண்ணுக்குப் புதுமைப்பெண்ணும் ஆயிரம், பையனுக்குத் தமிழ்ப்புதல்வனும் ஆயிரம். முதியோர் பென்ஷனும் 2023 ஆகஸ்டில் 1,200 ஆகும்வரை ஆயிரமாகத்தான் இருந்தது. நான்கும் நான்கு வெவ்வேறு வாசல்.

டீ வரட்டும், நிதானமாகப் பேசுவோம். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே தப்பு. “எந்தத் திட்டம்?” என்பது அரசாங்கத்தின் கணக்கு. “வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன நேர்ந்திருக்கிறது?” என்பதுதான் வீட்டின் கணக்கு. தேடுகிறவர் இந்த இரண்டாவதிலிருந்து தொடங்கினால் அலைச்சல் பாதியாகும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் திட்டத்தின் பெயருக்கு ஆயுசு குறைச்சல். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. 2012 ஜனவரியில் அதே வேலையைச் செய்ய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அதோடு சேர்ந்துகொண்டது. ஊர்ப்பக்கம் இன்னும் “கலைஞர் கார்டு இருக்கா?” என்று கேட்பவர்கள் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்த திருமண உதவி, இடையில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்து, 2022இல் கல்யாணத்தை விட்டுவிட்டுப் படிப்புக்கு மாறிப் புதுமைப்பெண் ஆனது. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறும், தொகை கூடும், நிபந்தனை திருத்தப்படும். ஆனால் அதைக் கையாளும் துறை அநேகமாக அதேதான். முதுமை, விதவை நிலை என்றால் வருவாய்த் துறை. பெண் குழந்தை என்றால் சமூக நலத்துறை. கூலி வேலை என்றால் தொழிலாளர் துறை. உடல் ஊனம் என்றால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. பிரசவம் என்றால் உங்கள் பகுதி செவிலியர். இதைப் பிடித்துக்கொண்டால், இன்று நான் சொல்லும் தொகைகள் நாளை மாறினாலும் உங்களுக்கு வழி தெரியும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நாகல் நகரில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். வீட்டுக்காரர் கொத்தனார். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். மாமியாருக்கு அறுபது தாண்டிவிட்டது, கணவர் இல்லை. மூத்த பெண் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. பையன் எட்டாவது. ரேஷன் கார்டில் ஐந்து பெயர். இப்போது பெயர் பெயராக விரலை வைப்போம்.

முதல் பெயர், வீட்டுக்காரர். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் 1994இல் கட்டுமான வாரியமும், பிறகு ஒவ்வொன்றாகத் தையல், ஆட்டோ, சலவை, முடிதிருத்தம், கைத்தறி, வீட்டுவேலை, தெரு வியாபாரம் என்று மற்ற வாரியங்களும் வந்தன. பேகம்பூர்த் தோல் ஷாப்புகளில் நிற்பவர்களுக்குத் தோல் பதனிடும் தொழிலாளர் வாரியம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு உடலுழைப்பு வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, கண்ணாடிக்கு, விபத்துக்கு, இறந்தால் குடும்பத்துக்கு, அறுபது வயதானால் மாத பென்ஷன் என்று பட்டியல் நீளம். பதினெட்டிலிருந்து அறுபது வயதுக்குள் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. அறுபது கடந்த பிறகு பதிய முடியாது, அந்தப் பென்ஷனும் இல்லை. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகுதான் “கார்டு இருக்கா?” என்று வீட்டில் பெட்டியைக் குடைவார்கள். அது பல வீடுகளில் புதுப்பிக்காமல் காலாவதியாகிக் கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுமான வாரியத்தின் பணம் யாரும் போடும் பிச்சை இல்லை. புதிதாகக் கட்டிடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நலவரியாக வாங்குகிறார்கள். திண்டுக்கல்லைச் சுற்றி எழும்பும் ஒவ்வொரு மாடி வீட்டிலும் நம் கொத்தனாருக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது பெயர், மனைவி. தையல் தொழிலாளர் வாரியத்தில் அவரும் தனியாகப் பதியலாம். “அவருக்குத்தான் கார்டு இருக்கே” என்று விட்டுவிடுவது வழக்கம். உழைப்பவர் இருவர், பதிவும் இரண்டு. அடுத்து மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது வைத்த அளவுகோல் இதுதான்: இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலம் இருந்தால் நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள். “எங்க அத்தை பென்ஷன் வாங்குறாக, அதனால எனக்குக் கிடையாதுன்னுட்டாங்க” என்று சொல்லும் மருமகள்கள் இருக்கிறார்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் உள்ள வீட்டில் தகுதியான வேறு பெண் விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள். தளர்த்திய செய்தி, மறுத்த செய்தி போன வேகத்தில் ஊருக்குள் போகவில்லை.

மாமியார். மாநிலத்தில் முதியோர் பென்ஷன் 1962இல், மாதம் இருபது ரூபாயோடு தொடங்கியது. ஆதரவற்ற விதவைகளுக்கு 1975இல், கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986இல் வந்தது. ஐம்பது வயது கடந்தும் திருமணமாகாமல் இருக்கும் ஏழைப் பெண்ணுக்கும் பென்ஷன் உண்டு. இது பலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கேட்கக் கூச்சம். இவை எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றே: தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஒருவருக்கு ஒரு பென்ஷன்தான். ஆகவே எதில் சேர்வது என்று முதலிலேயே யோசியுங்கள். சொந்த வீடு, நிலம், தாங்கும் பிள்ளை இருக்கிறார்களா என்று வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரிப்பார்கள். “மகன் இருக்கிறார்” என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று பயப்படுவதும் இங்கேதான். மகன் இருப்பது வேறு, மகன் தாங்குவது வேறு. விசாரணைக்கு வருகிறவரிடம் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது விண்ணப்பதாரர்தான்.

மூத்த பெண்ணுக்குப் பெரிய அலைச்சல் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரியே விண்ணப்பத்தை அனுப்பும். 2024இலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வருமான வரம்பு கிடையாது. அவள் பெயரில் வங்கிக் கணக்கும் ஆதார் இணைப்பும் இப்போதே இருந்தால் போதும். பையன் கல்லூரி போகும்போது அவனுக்கு இதே வழி.

இந்த வீட்டில் கைக்குழந்தை இருந்திருந்தால் இன்னும் இரண்டு வாசல் திறக்கும். கர்ப்பம் தெரிந்ததும் செவிலியரிடம் பதிந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் என்று 2018இல் உயர்த்தினார்கள். இரண்டும் பெண் குழந்தைகளாகி, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தால் 1992இலிருந்து நடக்கும் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம். ஆளுக்கு 25,000 வைப்புத்தொகை, பதினெட்டு வயதில் வட்டியோடு வரும். இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் கேட்க வேண்டும். மூன்று தாண்டிய பிறகு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். பணம் இருக்கிறது, தகுதி இருக்கிறது, தேதி மட்டும் போய்விட்டது.

சரி, யாருக்கு எது என்று தெரிந்துவிட்டது. இனிக் காகிதம். நூற்றுக்கு எண்பது விண்ணப்பம் காகிதத்தில்தான் சிக்கும் என்று புள்ளிவிவரம் எல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் கேட்கும் கதைகளில் பெரும்பாலானவை அதுதான். முக்கியமாகப் பெண்களின் இனிஷியல். கல்யாணத்துக்கு முன் எடுத்த வங்கிக் கணக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து, ரேஷன் கார்டில் கணவர் பெயர், ஆதாரில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர், பள்ளிச் சான்றிதழில் எழுத்து வேறு. மனிதருக்கு அது ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு நான்கு ஆள். ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள், மற்றதையெல்லாம் அதைப் பார்த்துத் திருத்துங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது, வங்கி. “அனுமதி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, பணம் வரல” என்ற புகார் வந்தால் நான் கேட்பது, “கடைசியாக எந்த பேங்க்கில் ஆதார் கொடுத்தீர்கள்?” என்பதுதான். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போகாது. கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்கைத் தேடிப் போகும். சீட்டுக்கடனுக்கோ நகைக்கடனுக்கோ என்றைக்கோ திறந்து மறந்த பாஸ்புக்கில் மாதாமாதம் விழுந்துகொண்டிருக்கலாம். இப்படிக் கண்டெடுத்த பணத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

ரேஷன் கார்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அட்டையின் முகப்பில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றாலும் தமிழ்நாட்டில் அரிசி இலவசம்தான். 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டை வைத்திருக்கும் யாருக்கும் விலையில்லை. மற்ற மாநிலங்களைப் போல ஏழை, ஏழையல்லாதவர் என்று கோடு போட்டுப் பாதிப் பேரை வெளியே நிறுத்தாததால்தான் இங்கே ரேஷன் கடைக்கு மரியாதை இருக்கிறது என்பது என் கட்சி. கோடு போடும் திட்டங்களில்தான் இத்தனை அலைச்சலும்.

அந்தக் கோடுகளையும் கொஞ்சம் பாருங்களேன். காப்பீட்டு அட்டைக்கு வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000, 2022இல் 1,20,000 ஆக்கினார்கள். மாதம் பத்தாயிரம். நம் கொத்தனாருக்கு நாளுக்கு 900 ரூபாய், மாதம் இருபது நாள் வேலை என்று வைத்தால் ஆண்டுக்கு 2,16,000. மனைவியின் தையல் கூலி மாதம் இரண்டாயிரம் சேர்த்தால் 2,40,000. உரிமைத் தொகைக்கு ஏழை, ஆஸ்பத்திரிக்கு ஏழையில்லை! இதே நாட்டில் ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குக் கீழ் உள்ள முன்னேறிய வகுப்பினரைப் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று சொல்லி 2019இல் இடஒதுக்கீடு கொடுத்தார்கள். ஒரே நாட்டில் மூன்று அளவுகோல். மாதம் பத்தாயிரத்தில் ஐந்து பேர் உள்ள வீடு ஓடாது என்பது சான்று கேட்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களைக் கழித்து உண்மையான கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். வரம்பை உயர்த்துவதுதான் நேர்மையான வழி. அதுவரை வி.ஏ.ஓ.வின் பேனாமுனையில்தான் பல குடும்பங்களின் ஆபரேஷன் நிற்கும்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவைப்பது உத்தமம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பணம் கட்டாமல் சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமானச் சான்றும் தேவையில்லை. 2022 செப்டம்பரில் 321 வீடுகள் கட்டிக் கொடுத்தார்களே, நம் தோட்டனூத்து, அங்கே இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய். முதல்முறை போகும்போது கேன் எண் என்று ஒன்று பதிவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை எல்லா விவரமும் திரும்பச் சொல்ல வேண்டாம். கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் இ-சேவை நடக்கிறது, அங்கே கூட்டம் குறைவு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். “ஐந்நூறு கொடு, ஆயிரம் கொடு, நான் முடிச்சுத் தர்றேன்” என்று ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால், அவர் செய்யப்போவதும் அதே இ-சேவையில் அதே அறுபது ரூபாய் விண்ணப்பம்தான்.

அமெரிக்காவில் 211 என்று ஒரு தொலைபேசி எண் உண்டு. 1997இல் அட்லாண்டா நகரில் ஆரம்பித்தது. கூப்பிடுகிறவர் திட்டத்தின் பெயர் சொல்லத் தேவையில்லை. வேலை போயிற்று, வாடகை கட்ட முடியவில்லை, வீட்டில் சின்னக் குழந்தை என்று நிலைமையைச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் எந்தெந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்வார். நம்மிடம் முதல்வரின் முகவரி எண் 1100 இருக்கிறது. அது குறையைப் பதிய நல்ல எண். வீட்டு நிலைமையைக் கேட்டுவிட்டு வழி சொல்லும் எண் அல்ல. அந்த வேலையை இங்கே செய்வது அங்கன்வாடி அக்காவும், செவிலியரும், சங்கத்துத் தோழர்களும், சில நல்ல வி.ஏ.ஓ.க்களும்தான். அவர்களுக்கு அதற்கென்று தனிச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் இதற்கென்றே ஒருவரை உட்கார வைத்தால் திங்கட்கிழமைக் கூட்டம் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று தொடக்கத்திலேயே வைத்தார்கள். நம் மாவட்டத்தில் திண்டுக்கல், பழனி, கொடைக்கானல் என்று மூன்று கோட்டங்கள். மற்ற விண்ணப்பங்கள் எந்த மேசையில் தூங்குகின்றன என்று அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கும், எல்லாப் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

திங்கட்கிழமை மனு கடைசி வழியாக இருக்கட்டும். ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவும் சுற்றிச் சுற்றி உங்கள் தாலுகா அலுவலகத்துக்கேதான் விசாரணைக்கு வரும். குஜிலியம்பாறைக்காரர் குஜிலியம்பாறையிலேயே கொடுத்து, எண் வாங்கி, ஒரு மாதம் பார்த்துவிட்டு, நகரவில்லையென்றால் அந்த எண்ணோடு இங்கே வந்தால் மனுவுக்குப் பலம் அதிகம். மனு எழுத அச்சடித்த படிவமோ அலங்கார வார்த்தையோ வேண்டாம். வெள்ளைத்தாளில் பெயர், முகவரி, கைபேசி எண், ரேஷன் கார்டு எண், வீட்டில் யாருக்கு என்ன நிலைமை, முன்பு கொடுத்த விண்ணப்பத்தின் எண்ணும் தேதியும். இவ்வளவு எழுதினால் போதும், வாங்கிப் பதிவு செய்து ரசீது கொடுப்பார்கள். அதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை.